மீனுக்கு முந்திய பெட்ரோலியம்

நத்தர்ஷா பெட்ரோலியம் படிக்க வேண்டுமென்று ஒருநாளும் ஆசைப்பட்டவனில்லை. சட்டம் படிக்கத்தான் போனான். சைகோன் அரசாங்கப் பெருங்கலாசாலையில் சட்டத்துக்கான வரிசை வாசலைத் தாண்டி, புளியமரங்களைத் தாண்டி, ரிக்‌ஷாக்காரர்கள் நிற்கிற முனை வரைக்கும் போயிருந்தது. பக்கத்தில் இன்னொரு ஜன்னல். அங்கே ஈ காக்கை இல்லை. வெயிலுக்கு ஒதுங்கலாமென்று அதன் கீழே போய் நின்றான். உள்ளேயிருந்த துரை பெயரைக் கேட்டார். துரை கேட்டால் சொல்லாமலிருக்க முடியுமா? சொன்னான். சாயங்காலம் பார்த்தால் பெட்ரோலிய எஞ்சினியரிங் மாணவனாகியிருந்தான்.

மறுநாள் ஓடிப்போய்த் தவறு நேர்ந்துவிட்டது என்று முறையிட்டான். சேர்க்கையை ரத்து செய்யலாம், அதற்கென்ன, ஆனால் ரத்து கேட்கும் விண்ணப்பத்தைப் பட்டம் பெற்றவர்கள்தான் போடலாம், ஆகவே முதலில் பட்டம் வாங்கிக்கொண்டு வா என்றார்கள்.

சைகோன் தலைநகராயிருந்த கொச்சின்சீனாவில் அப்போது ஒரு சொட்டுப் பெட்ரோலியம் கிடையாது. விளக்குக்குச் சீமெண்ணெய் கப்பலில் வந்துகொண்டிருந்தது. இது ஆண்டுகொண்டிருந்த பிரெஞ்சுக்காரர்களுக்கும் தெரியும், ஆளப்பட்டுக்கொண்டிருந்த அன்னமியர்களுக்கும் தெரியும், நடுவில் துணி விற்றுக்கொண்டிருந்த காரைக்கால்காரர்களுக்கும் தெரியும். வடக்கே ஹானோயில் என்னவோ ஒரு புதுப் பிரிவு திறந்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. சைகோன் சும்மா இருந்தால் மானம் என்னாவது? உடனே பெட்ரோலியப் பிரிவு திறக்கப்பட்டது. திறப்பு விழாவில் கலாசாலைத் தலைவர் முசியே அகுஸ்தேன் பேசினார்:

“ஒரு நாட்டில் எண்ணெய் இருந்தால் அதை எடுக்க எந்த மூடனாலும் முடியும். இல்லாத நாட்டில் அதைக் கற்பிப்பதற்குத்தான் கல்வி வேண்டும்.”

கைதட்டல் ஓய வெகுநேரம் பிடித்தது.

பிரிவுக்குப் பேராசிரியர் முசியே லூசியேன். நல்ல மனிதர். பெட்ரோலியத்தை அவர் நேரில் பார்த்ததில்லை, அதைப் பற்றி அவருக்கு வருத்தமும் இல்லை. பார்த்தவர்கள் பார்த்ததையே சொல்லிக்கொண்டிருப்பார்கள், அறிவு அதோடு நின்றுபோகும் என்பது அவர் கொள்கை. வகுப்பறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதற்குள் வெல்வெட் மெத்தை, மெத்தைமேல் ஒரு புட்டி, புட்டிக்குள் பெட்ரோலியம். வகுப்பு தொடங்குமுன் மாணவர்கள் எழுந்து புட்டிக்குச் சலாம் வைக்க வேண்டும். எல்லோருக்கும் கறுப்புக் கம்பளி அங்கி. பெட்ரோலியம் கறுப்பு, ஆகவே அங்கி கறுப்பு. சைகோன் வெயிலில் கம்பளி போட்டுக்கொண்டு புட்டிக்குச் சலாம் வைத்த முதல் நாளே இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அவர்களுக்கு வருகைப் பதிவு கிடைத்தது, கவனக்குறைவுக்கு அபராதமும் கிடைத்தது.

முதல் வருஷம் முசியே லூசியேன் புட்டியைத் திறந்து ஒவ்வொருவர் மூக்கருகிலும் காட்டினார். அறை முழுக்க மீன் நாற்றம்.

“கவனியுங்கள்! பெட்ரோலியம் ஆதிகாலக் கடல் உயிர்களிலிருந்து பிறந்தது என்கிறது விஞ்ஞானம். சிலர் சந்தேகிக்கிறார்கள். மூக்கில்லாதவர்கள்! எத்தனை லட்சம் வருஷம் மண்ணுக்குள் கிடந்தும் அந்த மீன்வாசனை போகவில்லை பாருங்கள்.”

உண்மையில் அந்தப் புட்டியில் ஆதியில் இருந்தது கடைத்தெருச் சீமெண்ணெய். கலாசாலைக் காவல்காரர் பஞ்சவர்ணம் ஒரு மழைநாளில் லாந்தருக்கு எண்ணெய் இல்லாமல் அதை ஊற்றிக்கொண்டார். அப்புறம் பயம் வந்து, தன் சோற்றுக்கு வைத்திருந்த நுவோக் மாம் என்கிற மீன் ரசத்தை அதே அளவுக்குப் புட்டியில் ஊற்றி வைத்துவிட்டார். நத்தர்ஷாவிடம் மட்டும் ஒருநாள் சொன்னார்.

“தம்பி, நான் பாட்டுக்கு ஊத்திட்டேன். அவரு அதுக்கு ஒரு வருஷப் பாடம் நடத்திட்டாரு. இப்ப போயிச் சொன்னா யாருக்கு அசிங்கம்?”

நத்தர்ஷா சொல்லவில்லை. பரீட்சையில், ‘பெட்ரோலியம் என்பது மீன்வாசனை உடைய பழுப்புத் திரவம்’ என்று எழுதி முதல் வகுப்பில் தேறினான். சீமெண்ணெய் வாசனை அடிக்கும் என்று எழுதிய ஒரு பையனை, ஆதாரமில்லாமல் பேசுகிறான் என்று நீக்கிவிட்டார்கள்.

சரி, இத்தனைக்கும் நடுவில் அவன் ஏன் ஓடிப்போகவில்லை? கூடப் படித்தவர்களெல்லாம் தபாலாபீசுக்கும் சுங்கத்துக்கும் நழுவிவிட்டார்கள். இவன் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்ததற்குக் காரணம் நஜ்முன்னிசா. தாய்மாமன் பக்கீர் மைதீனுடைய மகள். கத்தினா தெருவில் மாமாவுக்குத் துணிக்கடை, கான் ஹொய்யில் துறைமுகத்தை ஒட்டி வீடு. கலாசாலை அங்கிகளுக்குக் கம்பளி சப்ளை செய்தவரே மாமாதான். அந்த ஆர்டர் வந்த நாளிலிருந்து அவருக்குப் பெட்ரோலியப் படிப்பின்மேல் அப்படியொரு மரியாதை.

“இத்தனை கஜம் கம்பளி வாங்குற படிப்பு லேசுப்பட்ட படிப்பா இருக்காது. பட்டத்தோட வா, நிக்காஹ் வைப்போம். பட்டமில்லாம வந்தா, வா, சோறு திங்கலாம், போகலாம்.”

பட்டமோ வந்தபாடில்லை. கடைசிப் பரீட்சை மண்ணைத் துளைத்துக் காட்டுவது. துளைக்கிற கோபுரம் வந்து மைதானத்தில் நின்றது. சுற்றுகிற கைப்பிடி வந்தது. துளையாணி மட்டும் மார்சேயிலிருந்து வரவில்லை. படிப்பை நிறுத்தலாமா? கூடாது. ஆணி இல்லாமலே கைப்பிடியைச் சுற்றும் பயிற்சி தொடங்கியது. காலையில் நத்தர்ஷா கம்பளி அங்கியோடு போய் வெறுங்காற்றைத் துளைப்பான். முசியே லூசியேன் குடை பிடித்தபடி, “இன்னும் ஆழமாக!” என்பார். வருஷா வருஷம் கலாசாலை அறிக்கையில் ஒரு வரி வரும்: இவ்வாண்டும் காற்று விபத்தின்றித் துளைக்கப்பட்டது.

இப்படிக் காற்றைத் துளைத்தே அவனுக்குத் தாடி முளைத்துவிட்டது. கான் ஹொய்ப் பக்கம் போனால் பையன்கள், “மச்சான், காத்துல எவ்வளவு தூரம் எறங்கிட்டீங்க?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வெட்கமாகத்தான் இருந்தது.

ஒருவழியாகத் துளையாணி வந்தது. எங்கே துளைப்பது? மைதானத்தில் கூடாது, புல் தாவரவியல் பிரிவுக்குச் சொந்தம். கடைசியில் கான் ஹொய்யில் கலாசாலைக்கு இருந்த ஒரு பொட்டல் நிலம் நினைவுக்கு வந்தது. முசியே லூசியேன் அங்கே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்து சிந்தித்தார். சிந்தனையின் பாரம் தாங்காமல் நாற்காலியின் ஒரு கால் மண்ணில் புதைந்தது.

“இங்கே! பூமி அழைக்கிறது.”

கான் ஹொய்யில் நல்ல தண்ணீர் கிடையாது. ஆற்றுத் தண்ணீர் கடலேறி உப்புக் கரிக்கும். குடிக்க ஒரு குடம் வேண்டுமென்றால் பாலம் தாண்டிப் போய்க் காத்துக் கிடக்க வேண்டும். அந்த ஊரில், நாற்காலிக்கால் புதைந்த இடத்தில், நத்தர்ஷா கைப்பிடியைச் சுற்றினான். இத்தனை வருஷம் காற்றைத் துளைத்த கைக்கு மண் கனமாக இருந்தது. வாரக்கணக்கில் சுற்றினான். ஒரு காலை வேளையில் குழாய் உறுமியது, குலுங்கியது, அப்புறம் சரேலென்று பீறிட்டு அவன் கம்பளியெல்லாம் நனைத்தது. நாக்கில் பட்டது. தித்திப்பான தண்ணீர்.

கான் ஹொய் முழுக்கக் குடத்தோடு வந்துவிட்டது. மூட்டை தூக்குகிற அன்னமியர், சீனர், துறைமுகத்துத் தமிழர் எல்லோரும். நஜ்முன்னிசாவும் வந்தாள். பள்ளிவாசல் லெப்பை வந்து ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, தொழுகைக்கு முன்னால் கைகால் முகம் கழுவுகிற ஒளுவை அங்கேயே செய்தார். அன்றிலிருந்து தெருவே அந்தத் தண்ணீரில்தான் ஒளு செய்தது.

கலாசாலையில் மட்டும் மயான அமைதி. ஏனென்றால் குழாய் உறுமிய சத்தத்தைக் கேட்ட உடனேயே முசியே அகுஸ்தேன், ‘எண்ணெய் கிடைத்தது’ என்று பாரிசுக்குத் தந்தி கொடுத்துவிட்டார். பாரிசிலிருந்து பாராட்டும் வந்துவிட்டது. பெரிய பரிசோதகர் ஒருவர் கப்பலேறியும் விட்டார்.

தண்ணீர் வந்து இரண்டு வாரம் கழித்து அவசரமாக ஓர் ஆய்வுக்குழு கூடியது. கைப்பிடி சுற்றியவன் என்ற முறையில் நத்தர்ஷாவும் ஓரமாக நிறுத்தப்பட்டான்.

“இது தண்ணீர் போல் இருக்கிறது,” என்றார் ஓர் இளைய உறுப்பினர்.

“போல் இருக்கலாம்,” என்றார் முசியே அகுஸ்தேன். “ஆனால் யோசியுங்கள். தண்ணீர்க் கிணறு தோண்டுவது பொதுப்பணி இலாக்காவின் அதிகாரம். நாம் அவர்கள் அதிகாரத்தில் தலையிடவில்லை. ஆகவே வந்தது தண்ணீராக இருக்க முடியாது.”

தீக்குச்சி கிழித்துக் காட்டினார்கள். அணைந்தது. தீக்குச்சி சீனாக்கடையில் வாங்கியது, பிரெஞ்சுக் கலாசாலையின் கண்டுபிடிப்புக்குத் தீர்ப்புச் சொல்ல அதற்குத் தகுதியில்லை என்று முடிவாயிற்று. அப்புறம் எல்லோரும் முகர்ந்து பார்த்தார்கள்.

“லூசியேன், மீன்வாசனை இல்லையே?”

நத்தர்ஷாவுக்குப் புட்டி ஞாபகம் வந்தது. மனிதர் மாட்டிக்கொண்டார் என்று நினைத்தான். முசியே லூசியேன் கண்ணை மூடினார். திறந்தபோது முகத்தில் ஒரு பரவசம்.

“இல்லைதான்! எப்படி இருக்கும்? நாம் அவ்வளவு ஆழம் போய்விட்டோம். மீன்கள் தோன்றுவதற்கு முந்திய பெட்ரோலியம் இது!”

குழுவினர் எழுந்து நின்றார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் கிணற்றுக்குப் பூட்டுப் போட்டு, பஞ்சவர்ணத்தைக் காவலுக்கு நிறுத்தி, ஓர் அறிவிப்புப் பலகை மாட்டினார்கள். பெரிய பரிசோதகர் முன்னால் நத்தர்ஷா இது பெட்ரோலியம் என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் அந்த இடத்திலேயே பட்டம்.

காலிக் குடங்களோடு கான் ஹொய் மறுபடி பாலத்தை நோக்கி நடந்தது. மாமா வீட்டுப் பின்வாசலில், கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு நஜ்முன்னிசா கேட்டாள்.

“சத்தியம் பண்ணப் போறீங்களாமே, மச்சான்?”

“பண்ணுனாத்தானே பட்டம். பட்டம் வந்தாத்தானே மாமா வாயத் தெறப்பாஹ.”

“சரி. என்னான்னு சத்தியம் பண்ணுவீங்க?”

“எண்ணெய்ன்னு.”

“அப்ப நான் இத்தனை நாளா எதுல ஒளு செஞ்சேன்?”

நத்தர்ஷா விரல்விட்டு நாட்களை எண்ண ஆரம்பித்தான்.

“எண்ணெயில ஒளு செஞ்சா ஒளு கூடாது, செல்லாது. ஒளு கூடலைன்னா தொழுகையும் கூடாது. எல்லாத்தையும் திரும்பத் தொழணும். நான் மட்டுமா? தெருவே தொழணும். தொழ வச்ச லெப்பைக்கு யாரு பதில் சொல்றது? நான் விட்டது பூராவும் தொழுது முடிச்சிட்டுத்தான் நிக்காஹ்வுக்கு உக்காருவேன். ஆமா, குடிக்கிற தண்ணிக்கு இனிமே எங்கே போறதுன்னும் சொல்லிட்டுப் போங்க, எஞ்சினியரே.”

எஞ்சினியரே என்ற சொல்லைக் கேட்கத்தான் இத்தனை வருஷம் காற்றைத் துளைத்தான். அது இப்படியா வந்து சேர வேண்டும்? அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. சத்தியம் செய்தாலும் நஜ்மு இல்லை, செய்யாவிட்டாலும் நஜ்மு இல்லை.

தெருமுனையில் லெப்பை அவனைப் பிடித்துக்கொண்டார். கூடவே நாலு பெரியவர்கள். கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ப் பலகையைக் காட்டி, “படிச்ச புள்ள, இதுல என்னா எழுதி ஈக்கிதுன்னு சொல்லு,” என்றார்.

நத்தர்ஷா படித்துத் தமிழில் சொன்னான். “இத்திரவத்துக்கு நிறமில்லை.”

“சரி.”

“மணமில்லை.”

“சரி.”

“சுவையில்லை.”

“சரி. நம்ம மார்க்கக் கிதாபுலயும் அதான் ஈக்கிது. நிறம், மணம், ருசி மூணும் மாறாம இருந்தா அது ஒளுவுக்கு ஆகுமான சுத்தத் தண்ணி. துரை ஓதிட்டு வந்த மாதிரில்ல எழுதி வச்சிருக்காரு! மேல படி.”

“ஆகவே இது முதல்தரப் பெட்ரோலியம்.”

லெப்பை பலகையைக் கொஞ்சநேரம் பரிதாபமாகப் பார்த்தார்.

“கடைசி வரி வரைக்கும் நல்லாத்தான் வந்திருக்காரு. அதுக்குள்ள வெயில் அடிச்சிருச்சுபோல. தம்பி, ஊரு ஒன் வாயத்தான் பாத்துக்கிட்டு ஈக்கிது.”

விழா கிணற்றடியிலேயே நடந்தது. பந்தல், பிரெஞ்சு மூவர்ணக் கொடி, பித்தளை வாத்தியம். கலாசாலையின் அத்தனை பிரிவுகளும் வந்திருந்தன. தாவரவியல்காரர்கள் பக்கத்தில் புல் இருக்கிறதா என்று பார்த்தபடி இருந்தார்கள். கயிற்றுக்கு வெளியே கான் ஹொய் ஜனங்கள். பக்கீர் மைதீன் முன்வரிசையில் பட்டுத் தொப்பியோடு உட்கார்ந்து தன் கம்பளியைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்தில் முந்தானைக்குள் நஜ்முன்னிசாவின் கண்கள் மட்டும் தெரிந்தன.

பெரிய பரிசோதகர் எழுந்தார். “இந்த நாட்டுக்கு நாம் வெளிச்சத்தைக் கொண்டுவந்தோம். விளக்குக்கு எண்ணெய் மட்டும்தான் பாக்கி இருந்தது. அதையும் இந்த நாடே கொடுத்துவிட்டது. இனி நாம் கொடுக்க வேண்டியது எதுவுமில்லை என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்.”

வாத்தியம் முழங்கியது. பூட்டு திறக்கப்பட்டது. நத்தர்ஷா மேடைக்கு முன்னால் குழாயடியில் வந்து நின்றான். முசியே அகுஸ்தேன் சத்திய வாசகத்தை எடுத்துக்கொடுத்தார்.

“நிறமில்லை,” என்றான் நத்தர்ஷா. “மணமில்லை. சுவையில்லை.”

“ஆகவே?”

அவன் பெண்கள் பக்கம் ஒருமுறை பார்த்தான்.

“ஆகவே இது தண்ணீர்,” என்றான். பிரெஞ்சில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை, ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி. சொன்னதோடு விடவில்லை. கம்பளிக் கையைச் சுருட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தான். மணிக்கட்டு வரை கை கழுவினான். வாய் கொப்பளித்தான். மூக்குக்குத் தண்ணீர் விட்டான். முகம், முழங்கை வரை கைகள், தலை, காது, கடைசியில் பாதம். ஒன்றுகூட விடாமல் நிதானமாக ஒளு செய்து முடித்தான்.

கயிற்றுக்கு வெளியே லெப்பை “அல்ஹம்துலில்லாஹ்!” என்று உரக்கச் சொன்னார். தெரு முழுக்க அதைத் திருப்பிச் சொன்னது. அத்தனை பேருடைய தொழுகையும் பிழைத்தது.

மேடையில் பெரிய பரிசோதகர் புருவத்தைத் தூக்கினார். “இந்த இளைஞன் என்ன செய்கிறான்?”

முசியே அகுஸ்தேனுக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனால் முசியே லூசியேன் லூசியேன்தான்.

“வெறுங்கையால் பெட்ரோலியத்தைக் கையாளும் முறை, முசியே. நான்காம் தாள்.”

“வாயில் ஊற்றினானே?”

“சுவைத்துத் தரம் பிரித்தல். ஐந்தாம் தாள்.”

“காலைக் கழுவினானே?”

“அது பாடத்திட்டத்தில் இல்லை. தானாகச் செய்தது. கூடுதல் மதிப்பெண் போடலாமென்று இருக்கிறேன்.”

“ஆனால் தண்ணீர் என்றானே?”

இதற்குள் முசியே அகுஸ்தேனுக்கு உயிர் திரும்பிவிட்டது. “தமிழர்கள் அடக்கமானவர்கள், முசியே. கண்டுபிடிப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு சின்னப் பேராகச் சொல்வார்கள். ஜனங்கள் போட்ட கோஷத்தைக் கேட்டீர்களே!”

பெரிய பரிசோதகர் நெகிழ்ந்துபோனார். இறங்கி வந்து நத்தர்ஷாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். ஒளு செய்த ஈரத்தோடு அவன் பட்டம் வாங்கினான். அது தண்ணீர்தான் என்று இன்னொருமுறை சொல்ல வாயெடுத்தான். வாத்தியக்காரர்கள் விடவில்லை.

பக்கீர் மைதீன் வந்து அவனைக் கட்டிக்கொண்டார். சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“கம்பளிய நனைச்சிட்டியேடா. சுருங்கிரும்.”

விஷயம் அங்கே முடிந்திருந்தால் கான் ஹொய்க்குத் தொழுகை மிஞ்சியிருக்கும், தண்ணீர் மிஞ்சியிருக்காது. காகிதத்தில் அது பெட்ரோலியம். அரசாங்கச் சொத்து. பூட்டு மறுபடி ஏறியது. கொச்சின்சீனாவின் ஒரே பெட்ரோலிய எஞ்சினியர் என்பதால் நத்தர்ஷாவையே கிணற்றுக்கு அதிகாரியாகப் போட்டு, விதிகள் அடங்கிய கனமான புத்தகம் ஒன்றையும் கொடுத்தார்கள். அவன் வெறுப்போடு புரட்டிக்கொண்டு வந்தவன் ஓரிடத்தில் நின்றான். பெட்ரோலியம் கசிவது பெரும் ஆபத்து என்றும், கசிந்தால் அக்கம்பக்கத்து ஜனங்களைத் திரட்டி, கிடைத்த பாத்திரங்களில் அள்ளி, உடனடியாக அப்புறப்படுத்துவது எஞ்சினியரின் கடமை என்றும் போட்டிருந்தது. அவன் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தான். சேர்ந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் படிப்பில் அவனுக்கு ருசி தட்டியது.

பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். அவர் குழாயின் மூட்டைத் தட்டிப் பார்த்தார்.

“இந்த மரையக் கொஞ்சம் தளத்திட்டா போதும். விடிஞ்சதும் கசியணுமா, இல்ல நான் காப்பி குடிச்சிட்டு வந்தப்புறம் கசியணுமா?”

அன்றிலிருந்து கான் ஹொய்யில் தினமும் பெட்ரோலியம் கசிந்தது. எஞ்சினியர் விதிப்படி மணியடிப்பான். ஜனங்கள் குடமும் தவலையும் தகரமுமாக ஓடிவந்து ஆபத்தை அப்புறப்படுத்துவார்கள். சிலர் அங்கேயே கொஞ்சம் குடித்தும் அப்புறப்படுத்தினார்கள். கசிவு ஓயவில்லை, ஆனாலும் உயிர்ச்சேதம் இல்லை என்று நத்தர்ஷா மேலே எழுதினான். கான் ஹொய் மக்களின் தன்னலமற்ற தொண்டுக்கு நன்றி தெரிவித்து முசியே அகுஸ்தேன் ஒரு பலகை மாட்டினார். முசியே லூசியேன், கசிவைப் பற்றித் தனித்தாள் ஒன்று ஏற்படுத்தி, அதற்கு ஒரு புதுப் புட்டிக்குச் சிபாரிசு செய்தார்.

நிக்காஹ் நடந்தது. விருந்துக்கு வந்தவர்கள் கசிவில் கை கழுவினார்கள், கசிவில் சர்பத் கலக்கிக் குடித்தார்கள். அதற்கடுத்த வாரம் ஒரு காலையில் நத்தர்ஷா கம்பளி அங்கியோடு மணியடித்துவிட்டு நின்றுகொண்டிருந்தான். நஜ்முன்னிசா முறைப்படி வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் குடத்தைக் குழாயடியில் வைத்தாள். முக்கால்வாசிதான் நிறைந்தது. குடத்தை ஆட்டிப் பார்த்தாள், அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னா எஞ்சினியரே,” என்றாள். “இன்னிக்கிக் கசிவு கொஞ்சம் கம்மியா ஈக்கிதே?”